தேனடை யாருக்கு?

ஒரு காட்டில் யானையைத் தவிர எல்லா மிருகங்களும் சைக்கிள் ஓட்டின. யானை ஏறினால் சைக்கிள் அப்பளமாக நொறுங்கிவிடும். அதனால் அதைப் பந்தயத்துக்கு நடுவராக்கிவிட்டார்கள்.

அந்தக் காட்டுப் பந்தயம் நம் ஊர்ப் பந்தயம் மாதிரி இல்லை, குழந்தைகளே. யானை ஒரு கட்டுக் கரும்பைத் தின்று முடிக்கும்வரை ஓட்டலாம். பிறகு நாவல் மரத்தடிக்கு வந்து, அவரவர் சைக்கிள் மீட்டர் காட்டும் எண்ணைச் சொல்ல வேண்டும். பெரிய எண் சொன்னவருக்கு ஒரு முழுத் தேனடை பரிசு. சொன்ன எண்ணைப் பற்றி நடுவர் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் அது மரியாதைக் குறைவாம்!

கரடிக்கு அந்தத் தேனடை என்றால் உயிர். ஆறு வருடம் ஓட்டியும் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை, பாவம். அதன் சைக்கிள் பழசு; மீட்டர் மைல் கணக்கில் ஓடும். குரங்கின் சைக்கிள் புதுசு. அதன் மீட்டர் கிலோமீட்டர் கணக்கு.

இந்த வருடம் முயலும் மானும் வழியில் பச்சைப் புல்லைக் கண்டதும் இறங்கிவிட்டன. கரடியும் குரங்கும் மட்டும் ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் உரச மிதித்தன. ஒன்றை ஒன்று முந்தவே விடவில்லை. கரடியின் சைக்கிள் மணிமேல் ஓர் எறும்பு உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வந்தது. மூவரும் ஒரே நேரத்தில் மரத்தடியை அடைந்தார்கள்.

"எண்ணைச் சொல்லுங்கள்," என்றது யானை.

"ஐந்து!" என்றது கரடி.

"எட்டு!" என்றது குரங்கு.

"எட்டுதான் பெரியது. தேனடை குரங்குக்கு," என்றது யானை.

கரடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெப்படி? இவன் என் பக்கத்திலேயேதானே வந்தான்!"

"மைல் எல்லாம் அந்தக் காலம், அண்ணே," என்று குரங்கு பல்லைக் காட்டியது. "கிலோமீட்டரில் ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு தூரம் போகலாம் தெரியுமா?"

"போடா தம்பி! மைலில் ஓட்டினால்தான் கால் வலிக்கும். உன் கிலோமீட்டர் வெறும் பொடிநடை!"

"சொன்னது சொன்னதுதான்," என்று யானை தேனடையை எடுத்துக் குரங்கிடம் நீட்டியது. கரடிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அப்போது மணிமேலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "நடுவர் ஐயா, என் எண்ணைக் கேட்கவில்லையே?"

"சொல், எறும்பே."

"இருபத்தாறாயிரத்து நானூறு!"

காடே வாயைப் பிளந்தது. யானை தும்பிக்கையை எறும்பின் பக்கம் திருப்பியது. "அப்படியானால் தேனடை எறும்புக்கு."

"அநியாயம்!" என்று குரங்கு குதித்தது. "இவள் கரடி அண்ணன் சைக்கிளில் சும்மா உட்கார்ந்து வந்தவள்!"

"ஆமாம்," என்றது எறும்பு. "அப்படியானால் நானும் கரடி அண்ணனும் வந்தது ஒரே தூரம்தானே?"

"பின்னே? ஒரே தூரம்தான்!"

"நீங்களும் அவரும்?"

"ஹேண்டில்பார் உரசத்தானே வந்தோம்! அதுவும் ஒரே..." குரங்கு பாதியில் நிறுத்தித் தலையைச் சொறிந்தது.

"கரடி அண்ணன் சொன்னது மைல். நீங்கள் சொன்னது கிலோமீட்டர். நான் சொன்னது அடி. மைலுக்கு ஐயாயிரத்து இருநூற்றெண்பது அடி என்று பெருக்கிக்கொண்டேதான் வந்தேன்," என்றது எறும்பு.

யானை வெட்கத்தோடு காதை ஆட்டியது. பிறகு தேனடையைச் சரிபாதியாகப் பிட்டு இருவருக்கும் கொடுத்தது. தரையில் சிந்திய ஒரு சொட்டே எறும்புக்கு ஒரு வாரம் தாங்கும்.

ஆறு வருட ஆசை தீரக் கரடி தேனை நக்கியது. "என் பாதி ஒரு பவுண்டு இருக்கும்," என்றது பூரிப்போடு.

"என்னுடையது நானூற்றைம்பது கிராம்..." என்று குரங்கு ஆரம்பித்தது. எறும்பு தலையைத் தூக்கிப் பார்த்தது. குரங்கு பேச்சை விட்டுவிட்டுத் தேனைத் தின்றது.

நீதி: எண்ணை மட்டும் பார்த்துப் பெரிது, சிறிது என்று சொல்லாதே, எதைக் கொண்டு அளந்தார்கள் என்றும் கேள்.