மேடைக்கு ஆகாத பாட்டு

மயிலாடுதுறையில் ஓர் உரக்கடையின் மாடியில் குஞ்சிதபாதம் பாட்டு சொல்லிக்கொடுத்து வந்தார். கண்டிப்பானவர் என்று ஊரில் பெயர். நன்றாகப் பாடினால் "ம்" என்பார். மிக நன்றாகப் பாடினால் அதையும் சொல்லமாட்டார்.

அவரிடம் படித்தவர்களில் பெரிய பெயர் எடுத்தவள் தையல்நாயகி. பாவாடை கட்டிய வயதில் அந்த மாடிப்படி ஏறி வந்தவள். இப்போது சென்னையில் இருக்கிறாள். கணவன், பள்ளிக்குப் போகும் மகள், வருஷம் முழுக்கக் கச்சேரி.

சென்ற ஆண்டு அவள் ஒரு சினிமாவில் பாடினாள். உப்பளத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தி உச்சி வெயிலில் தனியாக நின்று பாடுகிற பாட்டு. பின்னால் வயலின் கூட்டம் மேல்நாட்டுப் பாணியில் மெல்ல எழும்பி அடங்கும். மிருதங்கம் கிடையாது. அந்தப் பாட்டு எங்கும் பரவியது. பேருந்தில் ஒலித்தது, கல்யாண மண்டபத்தில் ஒலித்தது. ஆட்டோக்காரர்கள் அவளை அடையாளம் கண்டு சிரித்தார்கள்.

சங்கடமும் அதோடுதான் வந்தது. கச்சேரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உப்பளப் பாட்டைப் பாடச் சொன்னார்கள். மீதிப் பேர் பாடினால் எழுந்து போய்விடுவோம் என்றார்கள். தையல்நாயகியின் தோடி ராகம் இப்போது உப்புக் கரிக்கிறது என்று ஒரு விமர்சகர் எழுதினார். அடுத்த சினிமாவுக்குப் பாடப் போனால் அங்கே இசையமைப்பாளர், "மேடம், கச்சேரி வாடை அடிக்குது. சாதாரணமாப் பாடுங்களேன்" என்றார்.

அவள் ரயிலேறி ஆசிரியரிடம் வந்தாள்.

குஞ்சிதபாதம் தரையில் உட்கார்ந்து தம்புராவின் தந்திகளுக்கு அடியில் நூல் வைத்துக்கொண்டிருந்தார். நூலைக் கொஞ்சம் நகர்த்துவார், தந்தியை மீட்டுவார், மறுபடி நகர்த்துவார். அவள் காத்திருந்தாள். தம்புரா கார்வையோடு பேசத் தொடங்கியதும் நிமிர்ந்தார்.

"என்னம்மா, முகம் வாடியிருக்கு?"

"ஐயா, அங்கே என்னைக் கச்சேரிக்காரின்னு சொல்றாங்க. இங்கே சினிமாக்காரின்னு சொல்றாங்க. நான் எந்தப் பக்கம்?"

"பக்கம் எத்தனை இருக்கு?"

"ரெண்டு இருக்கே ஐயா. நடுவிலே ஒரு கோடும் இருக்கு. அந்தக் கோடு எங்கே இருக்குன்னு தெரிஞ்சா மிதிக்காம நடந்துக்குவேன்."

அவர் தம்புராவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அந்தப் பாட்டைப் பாடு. நான் பஸ்ஸிலேதான் கேட்டிருக்கேன். கண்டக்டர் விசில்ல பாதி போயிடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தம்புராவைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்து பாடினாள். இனிமையாகத்தான் இருந்தது. கீழே உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தியது தெரிந்தது.

பாடி முடித்ததும் அவர் கேட்டார்.

"தம்புராவை ஏன் நகர்த்தினே?"

"சினிமாப் பாட்டுதானே ஐயா."

அவர் அவளைப் பார்த்தார். சொன்னது என்னவென்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள்.

"ஊர்க்காரங்க மேலே குத்தம் சொல்ல வந்தே. நீயே அந்தப் பாட்டை வாசல்ல நிறுத்தி வச்சிருக்கே."

"என்ன செய்யணும் ஐயா?"

"தினம் காலையில தம்புரா வச்சுப் பாடு. கீர்த்தனை பாடம் பண்ற மாதிரி பண்ணு."

"கீர்த்தனை மாதிரி கமகம் எல்லாம் சேர்த்தா?"

"சேர்த்தே, மாடியிலேருந்து தள்ளிடுவேன். அந்தப் பாட்டிலே ஸ்வரம் நேரா நிக்குது. நேராவே நிக்கட்டும். அதை ஆட்டி அசைச்சு நம்ம ஆளாக்க வேண்டாம். அது அதுவாவே இருக்கட்டும். நீ ஒழுங்கா இரு."

சென்னைக்குத் திரும்பி அவள் அப்படியே செய்தாள். எளிது என்று நினைத்த பாட்டு எளிதாக இல்லை. அசைவு எதுவும் இல்லாமல் ஒரே ஸ்வரத்தில் நின்றால், குரலில் இருக்கும் சின்ன நடுக்கமும் வெளியே தெரிந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் வயலின் கூட்டம் அதை மூடிவிட்டிருந்தது. இங்கே தம்புரா எதையும் மூடவில்லை. முதல் வாரம் தனக்குத்தானே வெட்கப்பட்டாள். பிறகு வெட்கப்பட நேரமில்லை. வேலை இருந்தது.

இதற்கிடையில் கும்பகோணத்துச் சபா ஒன்றின் செயலாளர் சேஷகிரி மயிலாடுதுறைக்கு வந்தார். தை மாதம் அந்தச் சபாவில் நடக்கும் இசை விழாவின் நிறைவுக் கச்சேரி பெரிய கௌரவம். அதைத் தையல்நாயகிக்குக் கொடுக்க முடிவாகியிருந்தது. படிக்கிற காலத்தில் அந்த மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று கேட்டவள் அவள். குஞ்சிதபாதத்துக்கும் அது தெரியும்.

சேஷகிரி நல்ல மனிதர். சொந்தச் செலவில் சபா நடத்துகிறவர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னார்.

"உங்க சிஷ்யைன்னாலே எங்களுக்கு மரியாதை. ஒரே ஒரு விஷயம். அந்தச் சினிமாப் பாட்டு எங்க மேடையிலே வேண்டாம். இன்னிக்கு ஒண்ணை உள்ளே விட்டா நாளைக்கு எது கீர்த்தனை, எது சினிமான்னு பிரிக்க முடியாமப் போயிடும். பாடமாட்டேன்னு அவங்க உறுதி கொடுத்தாப் போதும்."

"உறுதி கொடுக்கமாட்டா."

சேஷகிரியின் முகம் மாறியது. "அப்போ நிறைவுக் கச்சேரியை வேறே யாருக்காவது கொடுக்கும்படி ஆயிடும்."

"கொடுங்க. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அவ பாடட்டும். நீங்க முன்வரிசையிலே உட்காருங்க. எந்தப் பாட்டாவது மேடைக்கு ஆகாதுன்னு தோணினா கையைத் தூக்குங்க. அந்த இடத்திலேயே நிறுத்திடுவா."

"பாதியிலேயா?"

"பாதியிலேதான்."

"அத்தனை பேர் முன்னாடி அவங்களுக்கு அவமானமில்லையா?"

"அவமானம்தான். அதனாலே பார்த்துத் தூக்குங்க. நானும் பக்கத்திலே இருப்பேன். எனக்குத் தோணினா நானும் தூக்குவேன். அதுவும் சேர்த்துத்தான் பேச்சு."

சேஷகிரி வெகுநேரம் யோசித்தார். எப்படிப் பார்த்தாலும் கடிவாளம் தம் கையில் இருப்பதாகத் தோன்றியது. ஒப்புக்கொண்டார்.

தையல்நாயகிக்கு விஷயம் தொலைபேசியில் போனது.

"ஐயா, அவர் நிச்சயம் தூக்குவார்."

"தூக்கினா நிறுத்து."

"பயமா இருக்கே."

"இருக்கட்டும். வந்து பாடு."

அவள் ஒப்புக்கொண்டாள். அந்த ஒப்பந்தம் எப்படியோ வெளியே கசிந்தது. கச்சேரி நாளன்று மாலை மண்டபம் நிறைந்து, வாசல் வரை ஆள் நின்றது. பாட்டுக் கேட்க வந்தவர்கள் பாதி, கை தூக்கப்படுவதைப் பார்க்க வந்தவர்கள் பாதி. முன்வரிசையில் சேஷகிரியும் குஞ்சிதபாதமும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். சேஷகிரி வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டிருந்தது பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பை வரவழைத்தது.

தையல்நாயகி வர்ணம் பாடினாள். இரண்டு சிறிய கீர்த்தனைகள் பாடினாள். எல்லாம் சரியாகப் போயிற்று.

அடுத்தது தோடி. அன்றைய பெரிய பாட்டு. சின்ன வயதிலிருந்து பாடுகிற கீர்த்தனை. தூக்கத்தில் எழுப்பினாலும் பாடுவாள். அதற்கு அடுத்ததாகத்தான் உப்பளப் பாட்டை வைத்திருந்தாள்.

பல்லவியை எடுத்தாள். அனுபல்லவி முடிந்து சரணத்துக்கு வந்தாள். அங்கே ஒரு வரியை எடுத்துக்கொண்டு விரித்துப் பாடத் தொடங்கினாள். வேகம் கூடியது. சுழன்று சுழன்று மேலே போனாள். வயலின்காரர் தொடர்ந்து வரத் திணறினார். குரலை உருட்டும் பிருகாக்கள் பட்டாசு மாதிரி வெடித்தன. யாரோ "பலே" என்றார்கள். கைதட்டல் ஒரு மூலையில் தொடங்கி மண்டபம் முழுக்கப் பரவியது. அவள் சேஷகிரியைப் பார்த்துக்கொண்டே இன்னொரு சுற்று சுற்றினாள். சேஷகிரி தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

அவர் பக்கத்தில் ஒரு கை உயர்ந்தது.

குஞ்சிதபாதத்தின் கை.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. யாருக்கோ சைகை காட்டுகிறார் என்று நினைத்தாள். கை இறங்கவில்லை. அவர் முகத்தில் கோபமும் இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருப்பது போல் உட்கார்ந்திருந்தார்.

சேஷகிரி பதறிப்போனார். "ஐயா, இது தோடி" என்று காதோரம் சொன்னார்.

"தெரியுது" என்றார் அவர்.

மேடையில் தையல்நாயகிக்கு முகம் கொதித்தது. கண்டுகொள்ளாமல் பாடிக்கொண்டே போகலாம். யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். மண்டபமே அவள் பக்கம் இருந்தது. கை தூக்கியவர்தான் பைத்தியக்காரர் ஆவார். ஒரு சுற்று அப்படியே பாடவும் செய்தாள். அந்தச் சுற்றை அவளே காது கொடுத்துக் கேட்டாள்.

நிறுத்தினாள்.

மிருதங்கம் இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றது. கைதட்டல் அறுந்தது.

அவள் தண்ணீர் குடித்தாள். கொஞ்சம் புடவையில் சிந்தியது. துடைக்கவில்லை. தம்புராவை மீட்டுகிறவளிடம் திரும்பி ஏதோ சொன்னாள். தம்புரா மட்டும் வெகுநேரம் ஒலித்தது. அவள் கண்ணை மூடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அதே கீர்த்தனையை முதல் வரியிலிருந்து எடுத்தாள்.

இந்த முறை எதையும் விரிக்கவில்லை. வேகமில்லை. காந்தார ஸ்வரத்தைத் தொட வேண்டிய இடத்தில் தொட்டு, அசைய வேண்டிய அளவுக்கு அசைந்து, அதற்கு மேல் ஆசைப்படாமல் நகர்ந்தாள். வயலின்காரர் வில்லைக் குறைத்துக்கொண்டார். கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். குஞ்சிதபாதம் எப்போது கையை இறக்கினார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

தோடி முடிந்தது. மிருதங்கக்காரர் வாத்தியத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தார். அடுத்த பாட்டுக்கு அவருக்கு வேலையில்லை. மண்டபத்துக்குப் புரிந்துவிட்டது. எல்லாத் தலைகளும் சேஷகிரி பக்கம் திரும்பின.

தையல்நாயகி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

தம்புராவோடு மட்டும் பாடினாள். சினிமாவில் கேட்ட வயலின் கூட்டம் இல்லை. குரல் ஒரு ஸ்வரத்தில் போய் நின்றது. அசையாமல் நின்றது. உப்பு காய்வதற்கு எவ்வளவு நேரம் வெயில் வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்றது போல் இருந்தது. பிறகு அவசரமில்லாமல் கீழே இறங்கியது. சின்னப் பாட்டு. சீக்கிரம் முடிந்துவிட்டது.

சேஷகிரியின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

மங்களம் பாடி முடித்து அவள் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு வந்தாள். குஞ்சிதபாதம் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தார். அவள் கும்பிட்டாள். அவர் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை.

சேஷகிரி மாலையும் கையுமாக உள்ளே வந்தார். மாலையை அவளிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"உண்மையைச் சொல்லிடறேன் அம்மா. அந்தப் பாட்டு எனக்கு இன்னும் பிடிக்கலை. அது கீர்த்தனைன்னு யார் சொன்னாலும் ஒத்துக்கமாட்டேன். ஆனா கையைத் தூக்கணும்னு தோணலை. ஏன்னு எனக்கே தெரியலை."

"அது கீர்த்தனை இல்லை சார்" என்றாள் அவள். "உப்பளப் பாட்டுதான்."

சேஷகிரி குஞ்சிதபாதத்தின் பக்கம் திரும்பினார்.

"உங்களைத்தான் எனக்குப் புரியலை. சினிமாப் பாட்டுக்குச் சும்மா இருந்தீங்க. தோடிக்குக் கையைத் தூக்கினீங்க. ஜனங்க கைதட்டிட்டு இருந்தாங்க, நானும் ரசிச்சுட்டு இருந்தேன். அதிலே என்ன கோளாறு?"

குஞ்சிதபாதம் டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்குப் பதில் சொல்லாமல் தையல்நாயகியைப் பார்த்தார்.

"முதல்ல தோடி பாடினப்போ நினைப்பு எங்கேம்மா இருந்தது?"

அவள் மாலையின் பூக்களை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த பாட்டிலே, ஐயா. இவரைத் தோடியிலேயே மயக்கிட்டா அதுக்குக் கையைத் தூக்கமாட்டார்னு நினைச்சேன்."

"உப்பளம் பாடினப்போ?"

"ஒண்ணும் நினைக்கலை. பாடினேன்."

குஞ்சிதபாதம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு உங்க மேடையிலே ஒரே ஒரு இடத்திலேதான் கலப்படம் நடந்தது சார்" என்றார். "அதை நிறுத்திட்டேன்."