கோணிய கிளி

கிளி கோணிவிட்டது. அதைத் தைத்திருந்த, சதுரமாக இருக்க வேண்டிய துணி, பட்டம் போல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிடந்தது.

பாதிக் கிளியைக் கம்பளி நூலில் தைத்தவள் ஜமீன்தாரம்மா. அவள் போய்ச் சேர்ந்தபின் மீதியைத் தைத்தவள் மகள் மரகதவல்லி. கல்யாணத்துக்கு எட்டே நாள். புருஷன் வீட்டுக்கு அதைத்தான் கொண்டுபோவேன் என்றிருந்தாள்.

தையல் வாத்தியார் சபாபதி பட்டணத்தில் படித்தவர். அதை அவரே தினம் சொல்லுவார். துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் பிரிக்கணும். அம்மா போட்டதையும்தான்."

மரகதவல்லி துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

வெளுத்த துணி கொண்டுவந்த காத்தாயி வாசலில் நின்றாள். "பிரிக்க வேண்டாம் சின்னம்மா. நான் நேராக்கித் தாரேன்."

"வெள்ளாவி வைக்கிறவளுக்குத் தையல் தெரியுமோ? பிரிக்காம நேராக்கிட்டா, ஊரறிய உன் பேரை நானே சொல்றேன்!"

"ஐயா கட்டியிருக்கிற வேட்டி நேத்துக் கசங்கிக் கோணிக் கிடந்துச்சே. நான் என்ன, நூல் நூலாப் பிரிச்சு மறுபடி நெய்தா கொடுத்தேன்?"

வாத்தியார் குனிந்து வேட்டியைப் பார்த்தார்.

காத்தாயி துணியை நனைத்து, பலகைமேல் நாலு மூலையும் நேராக இழுத்து, ஓரமெல்லாம் ஊசி குத்தினாள். "அம்மா தையல் தளர்வா இருக்கு. உங்களுது இறுகிக் கிடக்கு. அழுதுகிட்டே போட்டீங்களா சின்னம்மா?"

மரகதவல்லி தலையாட்டினாள்.

நிழலில் காய்ந்தது. மூன்றாம் நாள் ஊசிகளை எடுத்தபோது கிளி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

கல்யாணப் பந்தலில் கிளியைப் பார்த்துச் சம்பந்தியம்மா வியந்தாள். "எவ்வளவு நேரா இருக்கு! வாத்தியார் கைவேலையா?"

ஊரே பார்த்தது. சபாபதி தொண்டையைச் செருமினார்.

"இல்லீங்க. காத்தாயி."