நீலச் சேலைக்காக ஒரு ஜெபம்

மலையடிவாரத்து ஆசிரமத்தில் அன்று உபவாச ஜெபம். பெண்கள் வட்டமாகப் பாயில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபித்தார்கள்.

நவமணி டீச்சரின் முறை வந்தது.

"ஆண்டவரே, குற்றமில்லாதவர்கள்மேல் பழி போடுகிற நாவை நீர் அறிவீர். அந்த நாவு இந்த அறையிலேயேதான் இருக்கிறது. பெயரைச் சொல்ல எனக்கு மனமில்லை. நீலச் சேலை, தகப்பனே."

"ஆமென்" என்றார்கள். இரண்டு பேர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டார்கள்.

நீலச் சேலை கட்டியிருந்தவள் ஹெப்சி. ஆசிரமத்தின் சாமான் அறை அவள் பொறுப்பு. அடுத்த முறையும் அவளுடையதுதான்.

"ஆண்டவரே, படித்த பெருமையில் நடக்கிற இருதயங்களை நீரே உடைத்தருளும். பச்சைப் பிள்ளைகளை அவர்கள் கைக்குத் தப்புவியும்."

அதற்கும் ஆமென் விழுந்தது.

சிஸ்டர் தெபோராள் மட்டும் இரண்டுக்கும் வாயைத் திறக்கவில்லை. ஆசிரமத்தின் குரு அவர்தான். நாற்பது வயதுகூட இருக்காது. நவமணி டீச்சரோ அறுபதைத் தாண்டியவர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சிஸ்டருக்குச் சீஷியாக வந்து சேர்ந்தவர். குருவோடு வாதாடுவதற்கென்றே வந்தவர் என்று அடுப்படியில் பேச்சு.

நடந்தது இதுதான். கல்குவாரியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு டீச்சர் மாலை வகுப்பு நடத்திவந்தார். அவர் சுகந்தி என்ற பிள்ளையை அடித்துவிட்டார் என்று ஹெப்சி நிர்வாகக் குழுவிடம் போய்ச் சொன்னாள். குழு டீச்சரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வகுப்பைப் பிடுங்கிக்கொண்டது. டீச்சர் அடிக்கவேயில்லை. வகுப்பு போனதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெபம் முடிந்ததும் கஞ்சி. அன்றைக்குக் கஞ்சி காய்ச்சியது டீச்சர்.

"சிஸ்டர், என் ஜெபத்துக்கு நீங்க ஏன் ஆமென் சொல்லலை?"

சிஸ்டர் ஒரு வாய் கஞ்சி குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். கண்ணை மூடிக் கையைக் குவித்தார்.

"ஆண்டவரே, இந்தக் கஞ்சியில் உப்புப் போட மறந்த கையை நீர் அறிவீர். அந்தக் கை எனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்கு நல்ல புத்தியைத் தாரும்."

டீச்சருக்குச் சுருக்கென்றது.

"என்ன சிஸ்டர் இது? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா உப்பை எடுத்துத் தர மாட்டேனா? அதுக்கு ஆண்டவரையா இழுக்கணும்?"

சிஸ்டர் கண்ணைத் திறந்து டீச்சரையே பார்த்தார்.

டீச்சர் எழுந்துபோய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தார். கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.

"உப்பும் பழியும் ஒண்ணா? அப்ப வாயை மூடிக்கிட்டு மறு கன்னத்தைக் காட்டணும்ங்கிறீங்க."

"காட்டுங்க. அதுக்கும் எதிர்ல போய் நிக்கணுமே, டீச்சர். ஓரமா உட்கார்ந்து கண்ணை மூடிக்கிட்டு எப்படிக் காட்டுறது?"

"இயேசு மட்டும் சும்மாவா இருந்தார்? விசாரணையில சேவகன் அறைஞ்சப்போ, ஏன் அடிக்கிறாய்னு கேட்டாரா இல்லையா?"

"கேட்டார். யாரைக் கேட்டார்?"

"அடிச்சவனைத்தான்..."

டீச்சர் நிறுத்திக்கொண்டார். அவருடைய வாதம் பாதியில் நின்றது அதுதான் முதல் முறை.

சிஸ்டர் கஞ்சியில் உப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

ஹெப்சி சாமான் அறையில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் உள்ளே போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஹெப்சி, நான் சுகந்தியை அடிச்சதை நீ பார்த்தியா?"

"அழுதுக்கிட்டு ஓடி வந்தா. கன்னம் வீங்கியிருந்துச்சு. உங்க கையில ஸ்கேல் இருந்துச்சு."

"நோட்டுல கோடு போட்டுக்கிட்டிருந்தேன். அவளுக்குக் கடைவாய்ப் பல்லுல வலி. நான் அடிச்சதைப் பார்த்தியா?"

முறம் நின்றது.

"பார்க்கலை."

"என்கிட்ட வந்து கேட்டியா?"

"இல்லை."

"கேட்காமச் சொன்னது அநியாயம். அந்த வகுப்பு எனக்கு உசிரு, ஹெப்சி."

ஹெப்சி வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

"எனக்கு மட்டும் அந்தப் பிள்ளைக உசிரு இல்லையா? நீங்க பெரிய டீச்சர். உங்களைப் பத்திச் சொன்னா என்னைத்தான் ஏசுவாங்கன்னு தெரியாதா? குழுவுக்கு முன்னால நிக்கையில காலெல்லாம் நடுங்குச்சு. குவாரிப் பிள்ளைன்னா யார் வேணாலும் கை நீட்டலாமான்னு கேட்க ஒரு ஆள் வேண்டாமா? அதான் போனேன்."

எத்தனையோ பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தவர் டீச்சர். இப்படிப்பட்ட பிள்ளைகள் அடி வாங்கியதை எல்லா இடத்திலும் பார்த்திருக்கிறார். அவர்களுக்காகக் கால் நடுங்க எழுந்து போன ஒருத்தரைக்கூட எங்கேயும் பார்த்ததில்லை.

"நான் அடிக்கிறதைப் பார்க்கலைன்னு குழுவுல சொல்லிடுறேன்" என்றாள் ஹெப்சி, முறத்தைப் பார்த்தபடி. "அவங்க வகுப்பைத் திருப்பித் தருவாங்களா, தெரியாது. மன்னிச்சுக்கிடுங்க."

டீச்சர் திரும்பி வந்தபோது சிஸ்டர் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"போய்க் கேட்டேன். அவ செஞ்சது தப்புதான். அதுல நான் இறங்கி வர மாட்டேன்."

"வர வேண்டாம்."

"குழுவையும் விடப் போறதில்லை. நேரா போய்க் கேட்பேன்."

"கேளுங்க."

"ஆனா..." டீச்சர் கிணற்றுத் திட்டில் உட்கார்ந்தார். "என் பிள்ளைகளுக்காக என்கிட்டயே சண்டைக்கு வர ஒருத்தி இருக்கா, சிஸ்டர். நாளைக்கு நான் இல்லாட்டாலும் அதுகளுக்கு ஆள் இருக்கு. மனசு நிறைஞ்சுபோச்சு. இப்பவே முழங்கால் போட்டு ஆண்டவருக்கு நன்றி சொல்லணும் போல இருக்கு."

சிஸ்டர் கையிலிருந்த சாம்பலைக் கழுவினார்.

"ஹெப்சிகிட்டப் போய்ச் சொல்லுங்க, டீச்சர். ஆண்டவர் காதுல விழும்."