மேற்கு ஜன்னலும் அமைச்சரின் மீசையும்

செம்பொறை நாட்டு வெயிலில் காக்கைகூட நிழல் பார்த்துத்தான் நடக்கும். அப்படிப்பட்ட ஊரில் ராஜா அழகவேலர் சுற்றிலும் கண்ணாடி வைத்து ஒரு வணிக மண்டபம் கட்டிவிட்டார். கடல் கடந்து வரும் வியாபாரிகள் பட்டின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமாம். பட்டு பளபளத்தது. வியாபாரிகள்தான் பணியாரமாக வெந்தார்கள். நூறு பேர் நின்று விசிறினாலும் அனல்தான் வீசியது.

“வெளிச்சம் உள்ளே வர வேண்டும். சூடு வெளியே நிற்க வேண்டும். ஒரு மாதத்தில் பலன் தெரிய வேண்டும்” என்றார் ராஜா.

சபையின் விகடக்காரி பொற்கொடி சும்மா இராமல், “என் வீட்டுக்காரர் செய்வார், மகாராஜா” என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு எப்போதும் வாய் முந்தும், பயம் பிந்தும்.

அவள் கணவன் உலகப்பன் கண்ணாடி வேலைக்காரன். வெள்ளியை ஆவியாக்கி, கண்ணாடியின் உட்பக்கம் பனிபோலப் படியவைத்தான். கண்ணுக்கே தெரியாத பூச்சு. ஒரு மாதத்தில் மேற்குச் சுவரில் பாதி ஜன்னல்கள் முடிந்தன. அந்தப் பக்கம் விசிறிக்காரர்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அதுதான் வினை. விசிறிக்காரர்களைக் கூலிக்கு அனுப்பிக் காசு பார்க்கிறவன் அமைச்சர் செண்பகராயரின் மைத்துனன்.

ராஜா மண்டபத்தைப் பார்க்க வந்த பிற்பகலில், தேன்மெழுகு தடவி வேல்போல் முறுக்கிய மீசையோடு அமைச்சர் எழுந்தார்.

“பூச்சு எங்கே, மகாராஜா? உற்றுப் பாருங்கள். வெறும் கண்ணாடி! இது பச்சை மோசடி.”

ராஜா கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. முகம் சிவந்தது.

“உலகப்பா, பூச்சு இருக்கிறது என்று இப்போதே காட்டு. இல்லையென்றால் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போ!”

பொற்கொடி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். இந்த வயதில் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? அப்போதுதான் அமைச்சரின் நாற்காலி அவள் கண்ணில் பட்டது. போன வாரம்வரை தெற்கு மூலையில் கிடந்த நாற்காலி அது. இப்போது பூசிய ஜன்னலருகே இருந்தது.

“அமைச்சர் சொல்வதே சரி, மகாராஜா” என்றாள். “அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுகிறேன். புளித்தண்ணீர் போதும்.”

“அடியே, உனக்குப் பைத்தியமா?” என்று கணவன் அவள் காதில் சீறினான்.

“நீங்க சும்மா இருங்க.” புளி கரைத்த வாளியோடு நேரே அமைச்சரின் முதுகுப்பக்கம் போனாள்.

“இங்கே ஏன்? அந்தக் கோடியில் ஆரம்பி!” என்றார் அமைச்சர் பதறி.

“இல்லாத பூச்சை எங்கே தேய்த்தால் என்ன, ஐயா? உட்காருங்கள்.”

ராஜாவும் தலையசைத்தார். பொற்கொடி குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் அழுத்தித் தேய்த்தாள். பூச்சு போனது. மேற்கு வெயில் அமைச்சரின் பிடரியில் வந்து உட்கார்ந்தது. வேர்வை வழிந்தது. மெழுகு இளகியது. வலது மீசை தொங்கியது, இடதும் தொங்கியது.

அமைச்சர் நாற்காலியை அடுத்த ஜன்னலுக்கு நகர்த்தினார். அவள் வாளியை நகர்த்தினாள். தேய்த்தாள். அவர் மூன்றாவது ஜன்னலுக்குப் போனார். வாளியும் பின்னாலேயே போனது.

“செண்பகராயரே, இதென்ன கும்மியாட்டம்?” என்றார் ராஜா.

பொற்கொடி கையைத் துடைத்துக்கொண்டு வணங்கினாள். “பூச்சு கண்ணுக்குத் தெரியவில்லை என்றீர்களே, மகாராஜா. அமைச்சரின் நாற்காலியைப் பாருங்கள். அது எங்கே போகிறதோ, அங்கே பூச்சு இருக்கிறது.”

ராஜா கிரீடம் சரியச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி உலகப்பன் கழுத்தில் போட்டார்.

“மிச்ச ஜன்னல்களையும் பூசிவிடு, உலகப்பா.”

“தேய்த்த இரண்டையும் மறுபடி பூசட்டுமா, மகாராஜா?”

“வேண்டாம். இனி அமைச்சருக்கு இடம் அங்கேதான்.”