மஞ்சள் கரு உடையாமல்

"மேடம், மூணு சின்னத் துளையா, ஒரே பெரிய கீறலா?"

கேன்டீனில் தட்டும் கையுமாக இருந்த டாக்டர் ரெஜினாவிடம் எடுத்த எடுப்பில் கேட்டான் இளம்பரிதி. அவரிடம் வேலை கற்கும் சர்ஜன். சில நாளாகவே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

செண்பகவல்லிக்குச் சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் புற்றுநோய். அபூர்வமாக வருவது. மாதுளம்பழம் அளவு கட்டி. நாளைக் காலை ஆபரேஷன். கத்தி இவன் கையில், மேஜைக்கு எதிர்ப்பக்கம் உதவிக்கு நிற்கப்போவது ரெஜினா.

"துளை போட்டா வலி கம்மி, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடுவாங்க. தழும்பே தெரியாதுன்னு அவங்ககிட்ட வேற சொல்லித் தொலைச்சுட்டேன். ஆனா இந்தப் புற்றுக்குக் கீறல்தான் நல்லதுன்னு புஸ்தகத்துல எழுதியிருக்காங்க. படிக்கப் படிக்கக் குழப்பமா இருக்கு."

ரெஜினா தன் தட்டிலிருந்த ஹாஃப்பாயிலை அவன் பக்கம் தள்ளினார். கூடவே ஒரு காலித் தட்டு, இரண்டு டீ ஸ்பூன்.

"இதை அந்தத் தட்டுக்கு மாத்து. மஞ்சள் உடையக் கூடாது."

விளையாடுகிற நேரமா இது என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் கெட்டிக்காரக் கை. துளைவழி ஆபரேஷனில் அவனை அடிச்சுக்க ஆளில்லை என்று ஆஸ்பத்திரியே சொல்லும். இரு பக்கமும் ஸ்பூனைக் கொடுத்துத் தூக்கினான். பாதி தூரம் நன்றாகத்தான் வந்தது.

பிறகு மஞ்சள் உடைந்து மேஜையில் ஓடியது.

"துடை."

துடைத்தான்.

"இன்னும் இருக்கு."

மறுபடி துடைத்தான். துணி போன இடமெல்லாம் மஞ்சள். மேஜை விளிம்பில், சட்டைக் கையில், விரல் இடுக்கில்.

துணியைக் கீழே வைத்தான். செண்பகவல்லியின் வயிற்றுக்குள், துளைவழிக் கருவிகள் பிடித்து அந்தக் கட்டி கிழிந்து புற்று சிந்தினால் எதைக்கொண்டு துடைப்பது?

"பெரிசாவே திறந்துடலாம் மேடம்."

"சரி. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"குழப்பம்னு சொன்னது பொய் மேடம். அவ்வளவு பெரிய கீறல் நான் போட்டதே இல்லை. பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய். அதுல கை பட்டுட்டா... பயமா இருக்கு. எனக்குப் பதிலா வேற யாரையாவது செய்யச் சொல்லுங்களேன்."

ரெஜினா எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

"எனக்கும்தான் பயம்" என்றார். "பயமே இல்லாத ஆளா ஒருத்தரைத் தேடிப் பிடிச்சு செண்பகவல்லியை ஒப்படைச்சிடலாமா?"