தகரக்கூரை யாருக்குச் சொந்தம்

தங்கள் பாட்டுக் குழுவின் பெயரைப் பதிவு செய்யாமலே அந்த நாலு பேரும் மேடை ஏறக் கிளம்பிவிட்டார்கள். தப்பு அங்கேதான். நிகழ்ச்சி பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் தங்கமாரியப்பன், 'தகரக்கூரை' என்ற அந்தப் பெயரைத் தன் பேரில் பதிந்துகொண்டார்.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி விழா. முதல் பாட்டுக்கு முன்னால் அவர் வந்து மைக்கைப் பிடித்தார்.

"தகரக்கூரைன்னா நான்தான். மூணு வருசம் எனக்குக் கீழ பாடுவோம்னு கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா கீழ இறங்குங்கடே."



கூட்டத்துக்குப் பின்னால் மிக்ஸர் மேசையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். குழுவுக்குச் சவுண்டு பார்ப்பவள். எந்த ஊருக்குப் போனாலும் அவள் பார்ப்பது ஜனங்களின் முதுகைத்தான். தன் மைக்கைத் திறந்தாள்.

"அண்ணாச்சி, 'தகரக்கூரை ரெண்டு மணி நேரம் பாடும்'னு காலேஜுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்க. தகரக்கூரையும் நீங்கதான். சவுண்டு ஏத்தி வச்சிருக்கேன், பாடுங்க."

"பாடுங்க அண்ணாச்சி!" கல்லூரியே கத்தியது. முன்வரிசையில் முதல்வரும் காத்திருந்தார். தங்கமாரியப்பன் தொண்டையைச் செருமினார். அது எட்டு ஸ்பீக்கரிலும் கேட்டது. பெயரை விட்டுக்கொடுப்பதாக அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

நிகழ்ச்சி முடிந்ததும் நாலு பேரும் பிரியாணி சாப்பிடப் போனார்கள். அவளைக் கூப்பிட மறந்துவிட்டார்கள். காலி மைதானத்தில் அவள் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நோட்டீசில் நாலு பேர் படமும் இருந்தது. அவள் இல்லை. அதனால் நான் எழுதி வைக்கிறேன்: தகரக்கூரையின் பேரை மீட்டுக் கொடுத்தவள் அமலோற்பவம்.