அட்டவணையில் இல்லாத கழித்தல்

அருளப்பனுக்கு வயது ஐம்பத்திரண்டு. தொடக்கப்பள்ளி ஆசிரியர். இந்த வயதில் பிஎச்.டி. எதற்கு என்று ஊரே கேட்டது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய வழிகாட்டி பேராசிரியர் உமையாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

அன்று மதியம் பள்ளியில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி உமையாளின் அறைக்கு வந்தார் அருளப்பன். கையில் மடிக்கணினி. முகமெல்லாம் பல்.

"மேடம், நம்ம கம்ப்யூட்டர் மாடல் பிடிச்சிருச்சு."

"யாரை?"

"எங்க அஞ்சாம் வகுப்பு இசக்கியை. பிள்ளைங்க போட்ட சரி தப்பை மட்டும் வச்சு, யாருக்கு எந்தத் திறன் வரலைன்னு சொல்லிருது. அவளுக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியலை."

"எல்லாமே தப்பா?"

"படிப்படியா எழுதச் சொன்ன நாலு கேள்வி தப்பு. விடை மட்டும் கேட்ட ரெண்டும் சரி. அது குருட்டாம்போக்குல போட்டதுன்னு மாடலே தள்ளிருச்சு." சொல்லும்போதே அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அடுத்து?"

"கழித்தல் வராத பிள்ளைங்க பட்டியல் இன்னைக்கே தலைமையாசிரியருக்குப் போகுது. மூணு மாசம் சாயங்காலம் தனி வகுப்பு. அவளுக்குக் கோ-கோ போயிரும், நல்லா ஓடுற பிள்ளை. என்ன செய்ய, கணக்கு முக்கியம்லா?"

உமையாள் எழுந்து பலகையில் எழுதினார்: 402 – 197.

"சட்டுனு சொல்லுங்க சார்."

"இருநூத்தி அஞ்சு."

"எங்கே கடன் வாங்கினீங்க?"

"வாங்கலை மேடம். இருநூறைக் கழிச்சேன், மூணைக் கூட்டினேன்."

"அதுக்கு உங்க அட்டவணையில எந்தக் கட்டம்?"

எந்தக் கேள்விக்கு எந்தத் திறன் வேண்டும் என்று ஒரு மாதம் உட்கார்ந்து அந்த அட்டவணையைப் போட்டவர் அருளப்பனேதான். விரல் திரையில் மேலிருந்து கீழே போனது. இன்னொரு தடவையும் போனது.

"இல்லை மேடம்."

"அப்போ பட்டியல்ல உங்க பேரையும் சேர்த்துக்கோங்க."

அருளப்பனுக்கு வெட்கத்தில் காது சுட்டது. அது ஆறுவதற்குள் பழைய உற்சாகம் வேறு பக்கமாகத் திரும்பிவிட்டது.

"ஒரு கட்டம் கூடப் போடணும் மேடம். இசக்கியும் இதே வழியில போட்டாளா, இல்ல அவளுக்குன்னு வேற வழி வச்சிருக்காளா? இதை எந்த மாடலை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

உமையாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஸ்கூல் விட இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு சார். அவ வகுப்புலதான் இருப்பா."